டிரைவருக்கு யார் ரைட் கொடுப்பது

என்னைப் பேசக் கூப்பிட்டவர்கள், மெஷினைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம், அதற்கு எங்களிடம் ஆள் இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். நல்லதாகப் போயிற்று. அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நான் அரசு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் இந்தக் கம்பெனியில் சேர்ந்தேன். வயதானவர்கள் இருக்கும் வீடுகளில் உதவிக்கு ஒரு ரோபோவை வைத்துவிட்டு, அவர்கள் அதை எப்படி வைத்துக்கொள்கிறார்கள் என்று போய்ப் பார்ப்பதுதான் என் வேலை. இனி அது உங்கள் வேலை.

கம்பெனி உங்களிடம் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கும். பெரியவர்களுக்கு எது வசதி? வாயால் சொல்வதா, ரிமோட்டா, திரையைத் தொடுவதா, பிள்ளைகள் போனிலிருந்து ஓட்டுவதா? இதை அவர்களிடம் நேராகக் கேட்காதீர்கள். கேட்டால், "எதுவா இருந்தா இன்னா, உங்களுக்கு எது வசதியோ" என்பார்கள். நம் ஊர்ப் பெரியவர்களுக்கு மரியாதை அதிகம். உண்மை வேறு எங்காவது வெளியே வரும்.

அனந்தபுரத்தில் சவரியம்மாள் என்று ஒருவர். மகன்கள், மருமகள்கள், பேரன் பேத்தி எல்லாரும் நிறைந்த வீடு. முட்டிவலி. வாயால் சொன்னால் செய்யும் மெஷினை அங்கே வைத்திருந்தோம். சாயந்திரம் ஜெபம் சொல்லும்போது அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று சொல்லியிருக்கிறார். மூலையில் இருந்த மெஷின் "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டிருக்கிறது. அந்த அம்மாள் கண்ணைத் திறக்காமலே, "முட்டிவலி தாங்கல தாயே" என்று சொல்ல, அது மருந்துப் பெட்டியிலிருந்து தைலத்தை எடுத்துக்கொண்டு போய் மடிக்குப் பக்கத்தில் நீட்டியிருக்கிறது.

நான் போனபோது அக்கம்பக்கத்துப் பெண்கள் சிலர் அந்த மெஷின் எதிரில் பயபக்தியோடு உட்கார்ந்திருந்தார்கள். எனக்குத் தர்மசங்கடம். ஆனாலும் சவரியம்மாளைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"தெரியும்மா. மாதா குரல் இப்டியா தகரத்துல தட்டுனா போல இருக்கும்?" என்று அவர் சிரித்தார். "ஆனா வூட்ல இத்தினி பேரு இருக்கறாங்க. உனக்கு இன்னா வேணும்னு கேட்டது இது ஒண்ணுதான்."

பிறகு அவர் கேட்டதெல்லாம், ஜெப நேரத்தில் மட்டும் அது காதைப் பொத்திக்கொள்ள ஒரு வழி. அதைச் செய்து கொடுத்தோம். பக்கத்து வீட்டுப் பெண்களுக்குத்தான் வருத்தம்.

இப்போது செஞ்சியில் நடந்ததைச் சொல்கிறேன். இதைத்தான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல நினைத்தேன்.

மேல்மலையனூர் போகிற பஸ்கள் செல்லும் சாலையில், பஸ் நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு வீடு. அதில் இருந்தவர்கள் ஏழுமலையும் அவர் மனைவி அஞ்சலையும். ஏழுமலை பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். லேசான பக்கவாதம் வந்து வலது கை தளர்ந்துவிட்டது, நாக்கு தடித்துப் பேச்சு குழறியது. நாளெல்லாம் கூடத்து நாற்காலியில்தான் இருப்பார். அஞ்சலைக்கு மூட்டுத் தேய்மானம். உட்கார்ந்தால் எதையாவது பிடித்துக்கொண்டுதான் எழ வேண்டும். ஒரே மகன் செந்தில் சென்னையில் வேலை. பக்கவாதம் வந்த அன்று அப்பா தரையில் கிடக்க, அம்மாவால் தூக்கவும் முடியாமல் கத்தவும் முடியாமல் இருந்ததை நினைத்து நினைத்து அவன் பயந்து போயிருந்தான். கெட்ட பிள்ளை இல்லை. பயந்த பிள்ளை.

அந்த வீட்டில் வைத்த மெஷின் இடுப்பு உயரம் இருக்கும். கீழே சக்கரம், மேலே ஒரு தட்டு, பொருளை எடுக்க ஒரு கை, பின்பக்கம் அஞ்சலை பிடித்து எழுந்துகொள்ள ஒரு கைப்பிடி. பார்ப்பதற்கு ஒரு கேமரா. வைத்துவிட்டு வந்த கொஞ்ச நாளில் நான் திரும்பிப் போனேன். மெஷினை ஜன்னல் கம்பியோடு கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். அதன் தலையில் ஒரு துண்டு போர்த்தியிருந்தது.

"இன்னாத்துக்குக் கட்டி வச்சிருக்கீங்க?" என்றேன்.

"தொரத்துது சிஸ்டர்" என்றார் ஏழுமலை. ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த பெண்கள் எல்லாரும் அவருக்கு சிஸ்டர்.

அஞ்சலை விளக்கினார். "எம்மவன் அங்கிருந்து போன்ல பாத்துனே இருக்கறான். இவரு மாத்திர போடலன்னா இத ஓட்டினு வந்து எதிர்ல நிறுத்தறான். நேத்து இவரு கக்கூசுக்குப் போனாரு. இதுவும் பின்னாலியே போயி கதவாண்ட நின்னுக்குனு, மாத்திரை சாப்பிடும் நேரம், மாத்திரை சாப்பிடும் நேரம்னு ஒரே சத்தம். தெருவே கேட்டுச்சு."

சரி, போன் வேண்டாம், வாயால் சொல்லிப் பார்த்தீர்களா என்று கேட்டேன். ஏழுமலை முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் எது சொன்னாலும் அது, "மன்னிக்கவும், புரியவில்லை. மீண்டும் சொல்லுங்கள்" என்றதாம். மனைவி எதிரிலேயே மூன்று தடவை.

"சர்வீஸ்ல எவ்ளோ பேருகிட்ட திட்டு வாங்கிருக்கறன்" என்றார் குழறலாக. "நான் பேசறது புரியலன்னு ஒருத்தன் சொன்னது இல்ல."

ரிமோட்டைக் கொடுத்தேன். பழகாத இடது கைக் கட்டைவிரல் தடுமாறி ஒரே நேரத்தில் மூன்று பொத்தான்களை அமுக்கியது. மெஷின் கயிற்றோடு நின்ற இடத்திலேயே சுற்றப் பார்த்தது. அவர் ரிமோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அஞ்சலைக்கு வாய் நன்றாக வந்தது. அதுவே அங்கே சிக்கல். ஏவத் தெரியாத மனுஷி அவர். "யம்மா, உனக்கு ஒண்ணும் சிரமம் இல்லன்னா, அந்த ஜன்னலாண்ட ஒரு சொம்பு இருக்குது பாரு, அதுல தண்ணி இல்லன்னா வேணாம், இருந்தா மட்டும் கொஞ்சம் எடுத்துனு வா" என்று ஆரம்பிப்பார். 'வேணாம்' வந்த இடத்திலேயே மெஷின் மூலைக்குப் போய்விடும்.

"சுருக்கமா சொல்லுங்களேன்" என்றேன்.

"வூட்டுக்கு வந்த புள்ளய எடுத்த ஒடனே வேல ஏவுறதா?" என்றார்.

அன்றைக்கு நான் கிளம்பும் முன் செந்தில் போனில் பேசினான். "மேடம், அடுத்த அமாவாசைக்கு வரேன். மெஷின் சரியா ஓடுதான்னு பார்ப்பேன். இல்லன்னா ரெண்டு பேரையும் கையோட கூட்டினு வந்துருவேன். இதுக்கு மேல என்னால தூங்க முடியாது." நான் அதை அப்படியே இருவரிடமும் சொன்னேன். அஞ்சலை தலையைக் குனிந்துகொண்டார். சென்னை வீடு மூன்றாவது மாடியாம். ஒரு தடவை போயிருக்கிறார்கள். "அங்க காலையில எழுந்தா போறதுக்கு எடமே இல்லம்மா. கக்கூசுக்குப் போலாம், திரும்பி வரலாம்" என்றார்.

நான் எழுந்தபோது பின்னாலிருந்து ஒரு விசில் கேட்டது. திடுக்கிட்டுத் திரும்பினேன். ஏழுமலை, வாயின் நல்ல பக்கத்தில் கண்டக்டர் விசிலைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியாம்மா இவரு லட்சணத்த?" என்றார் அஞ்சலை. "பேச்சு சரியா வரலன்னு இத எடுத்து வச்சிக்குனாரு. ஒரு தபா ஊதுனா நான் பேச்ச நிறுத்தணும். ரெண்டு தபா ஊதுனா எதிர்ல வரணும். நான் இன்னா டவுன் பஸ்ஸா?"

ஏழுமலை இரண்டு தடவை ஊதினார். அஞ்சலை திட்டிக்கொண்டே சுவரைப் பிடித்து எழுந்து போனார். பேச்சுதான் குழறுகிறதே தவிர, மூச்சு நன்றாகத்தான் இருக்கிறது என்று எனக்கு அப்போது தோன்றியது.

சென்னையில் எங்கள் இன்ஜினியர் நிவேதாவுக்குப் போன் செய்து, மெஷினுக்கு விசில் பழக்க முடியுமா என்றேன்.

"மேடம், அது நாய்க்குட்டி இல்ல" என்றாள்.

ஆனாலும் வந்தாள். ஒரு மத்தியானம் உட்கார்ந்து அதையும் இதையும் மாற்றினாள். ஒரு விசில் நிற்க, இரண்டு விசில், சத்தம் வந்த பக்கம் கிளம்பி வர. அஞ்சலைக்காக இன்னொன்றும் செய்தாள். முன்னால் எத்தனை சுற்றி வளைத்துப் பேசினாலும், கடைசியில் வரும் வார்த்தைக்காக மெஷின் காத்திருக்கும்படி செய்தாள். நம் மொழியில் வேலை கடைசியில்தானே வருகிறது. அஞ்சலையின் "எடுத்துனு வா" அதற்குப் புரிய ஆரம்பித்தது.

ஏழுமலை கயிற்றைத் தாமே அவிழ்த்தார். மெஷினுக்கு டிரைவர் என்று பேர் வைத்தார். அடுத்த தடவை நான் போனபோது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு விசில் கொடுத்து அதை வரவழைத்து, என் முன்னால் ஒரு விசிலில் நிறுத்திக் காட்டினார்.

"எந்த டிரைவரும் என் விசிலுக்கு இப்டி நின்னது இல்ல சிஸ்டர். ஸ்டாப்பத் தாண்டி பொட்டிக்கடையாண்ட போயிதான் நிப்பானுங்க."

அந்த அமாவாசை வந்தது. செந்தில் காலையிலேயே வந்துவிட்டான். எங்கள் மேலாளரும் சென்னையிலிருந்து காரில் வந்தார். மெஷின் வேலை செய்யும் அழகைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. அமாவாசை அன்று மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் செஞ்சியில் காரை எங்கே நிறுத்துவது? அவர் எங்கோ தூரத்தில் விட்டுவிட்டு, வெயிலில் நடந்து, வியர்த்து வழிந்து உள்ளே வந்து உட்கார்ந்தார். ஏழுமலை வெள்ளைச் சட்டை போட்டு, விசிலுக்குப் புதுக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தார்.

நாங்கள் சோதித்துப் பார்த்ததெல்லாம் சாதாரண நாட்களில். அந்த நாட்களில் அந்த வீட்டு எதிரே பஸ் நிற்காது. அமாவாசைக்கு மட்டும், பஸ் நிலையத்தில் இடம் போதாமல், மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்களை அங்கேயே நிறுத்தி ஆள் ஏற்றுவார்கள். இது அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. ஏழுமலையும் யோசிக்கவில்லை.

அஞ்சலை காபி கலந்து டம்ளர்களை மெஷினின் தட்டில் வைத்தார். ஏழுமலை எங்களை எல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டு இரண்டு விசில் கொடுத்தார். மெஷின் சமையலறையிலிருந்து கிளம்பியது. வெளியே யாரோ ஒரு கண்டக்டர் ஒரு விசில் ஊதினார். மெஷின் நின்றது.

ஏழுமலை அதை முறைத்துப் பார்த்தார். மறுபடி இரண்டு விசில் கொடுத்தார். கிளம்பியது. வெளியே ஒரு விசில். நின்றது.

"சிந்தாம இருக்கறதுக்காக நின்னு நின்னு வருதா?" என்று மேலாளர் மெதுவாகக் கேட்டார்.

"வுடு நைனா, நான் ஓட்டறேன்" என்று செந்தில் போனை எடுத்தான். அவன் இந்தப் பக்கம் திருப்ப, அப்பா ஒரு விசிலில் நிறுத்த, அவன் மறுபடி திருப்ப, வெளியே ஒரு பஸ் கிளம்ப, மெஷின் நடுக் கூடத்தில் வாசலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டது. நாம் காபி கேட்டால் அது ஊருக்குப் போகப் பார்க்கிறதே என்று அஞ்சலைக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போய், டம்ளர்களை எடுப்பதற்காக ஒரு கையால் அதன் கைப்பிடியைப் பிடித்தார்.

வெளியே இரண்டு விசில் விழுந்தன. அவசரக்காரக் கண்டக்டர் போல, உடனே இன்னும் இரண்டு.

மெஷின் கிளம்பியது. அஞ்சலையும் அதோடு கிளம்பினார். வாசலுக்கு அப்பால் படிகள். படிக்குக் கீழே அமாவாசைக் கூட்டம். அந்த முட்டிகளால் அவர் அவ்வளவு வேகமாக நடந்து பல வருடங்கள் ஆகியிருக்கும். ஏழுமலை விசிலை வாயில் வைத்தார். பயத்தில் காற்றுதான் வந்தது. விசிலைத் துப்பிவிட்டு, பஸ்ஸை நிறுத்தச் சொல்வது போல "ஹோல்டான், ஹோல்டான்" என்று கத்தினார். மெஷின் போய்க்கொண்டே, "மன்னிக்கவும், புரியவில்லை" என்றது. செந்தில் போனைக் குத்திக்கொண்டிருந்தான். தெருவில் இருந்த கூட்டத்துக்கு சிக்னல் திணறியது. மெஷினின் முதுகில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. எனக்கும் அதற்கும் நடுவில் எங்கள் மேலாளர் எழுந்து நின்று, எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் ஒதுங்கிக்கொண்டிருந்தார்.

இந்த மாதிரி நேரத்தில் வாயில் முதலில் வருவது "கையை விடுங்க" என்பதுதான். நான் அதைச் சொல்லவில்லை. அந்த வேகத்தில் கையை விட்டால் நிலை தடுமாறி விழுவார். இடுப்பு எலும்பு போனால் மூன்றாவது மாடிதான். கையை விடாமல் இருக்க வேண்டும், அது நிற்கவும் வேண்டும். வீட்டுக்காரர்கள் இருவர் குரலுக்கு மட்டுமே கேட்கும்படி அதைப் பழக்கியிருந்தோம், அந்த இருவரில் வாய் திறந்தால் அதற்குப் புரிகிற ஆள் அஞ்சலை ஒருவர்தான்.

"அஞ்சலம்மா, கைய வுடாதீங்க" என்று கத்தினேன். "ஒரே வார்த்த சொல்லுங்க. ஒரே வார்த்த."

அஞ்சலை வாயைத் திறந்தார். அவரையும் அறியாமல் "யம்மா, நீ கொஞ்சம்" என்று ஆரம்பித்துவிட்டார். வாசற்படி நெருங்கியது.

"நில்லு" என்றார்.

அப்படி ஒரு குரல் அவருக்கு இருக்கும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. மெஷின் நிலைவாசலில் நின்றது. எங்கள் மேலாளர் ஒரு காலைத் தூக்கியபடி நின்றார். செந்தில் விரலைப் போன் மேலே வைத்தபடி நின்றான். ஏழுமலை பேச்சை நிறுத்தினார். காபி மட்டும் நிற்கவில்லை. தட்டிலிருந்து வழிந்து, ஒதுங்கி ஒதுங்கி வாசலுக்கே வந்துவிட்டிருந்த மேலாளரின் செருப்புக் காலில் இறங்கியது.

நான் போய் சிவப்புப் பொத்தானை அமுக்கி, அஞ்சலையைப் பிடித்து உட்கார வைத்தேன். முட்டியைத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஏழுமலை அவர் கையைத் தன் நல்ல கையால் பிடித்துக்கொண்டார்.

"இன்னிக்கே இதை எடுத்துட்டுப் போயிடலாம்" என்றார் மேலாளர்.

"நீங்க ரெண்டு பேரும் என்கூட கெளம்புங்க" என்றான் செந்தில்.

இருவரும் பேசியது என்னைப் பார்த்து. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு போனவரை யாரும் பார்க்கவில்லை. பிள்ளைகளே, உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். எல்லாரும் உங்களைப் பார்த்துப் பேசுவார்கள். அப்போது நீங்கள் திரும்பி வீட்டுக்காரர்களைப் பாருங்கள். மேலாளர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், அவர் சரியாகிவிடுவார்.

"நீங்க சொல்லுங்கம்மா" என்றேன். "இது இருக்கட்டுமா, போவட்டுமா?"

அஞ்சலை தண்ணீர் குடித்தார். முந்தானையால் வாயைத் துடைத்தார். "இது வந்தப்புறம்தான் இவரு என்ன விசிலு ஊதிக் கூப்புடறத வுட்டாரு. அதுக்காகவாவது இருக்கட்டும்."

செந்திலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கப் பார்த்துக் கண் கலங்கினான். "அம்மா, நீ விழுந்திருந்தா இன்னா ஆவறது?"

"வுழலயே. நான் சொன்னன், நின்னுச்சி. நீ போன்ல குத்துனியே, நின்னுச்சா?"

செந்தில் போனைச் சட்டைப் பையில் போட்டான். அதன் பிறகுதான் உருப்படியாகப் பேச முடிந்தது. நிறுத்துவதற்கு யார் ஊதினாலும் குற்றமில்லை, நின்றால் நின்றுவிட்டுப் போகட்டும் என்று முடிவாயிற்று. கிளம்புவதற்கு மட்டும் விசில் கூடாது. அதற்கு நாற்காலிக் கைப்பிடியில், ஏழுமலை உள்ளங்கையால் தட்டுகிற அளவுக்கு ஒரு பெரிய பொத்தான் வைப்பது. யாராவது கைப்பிடியைப் பிடித்திருந்தால் பிடித்தவர் சொன்னால் ஒழிய அசையக் கூடாது. செந்தில் போனிலிருந்து உள்ளே வர வேண்டுமானால் மணி அடிக்க வேண்டும், இவர்கள் சரி என்றால்தான் கேமரா திறக்கும். இந்தக் கடைசி விஷயத்துக்கு அவன் கொஞ்ச நேரம் ஒத்துக்கொள்ளவில்லை.

"மணி அடிச்சும் நீங்க தொறக்கலன்னா?" என்றான்.

ஏழுமலை நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். "அப்ப பஸ் புடிச்சி வா."

அவன் சரி என்றான். சாயந்திரம் அம்மாவிடம் சொல்லிக்கொண்டு தனியாகத்தான் கிளம்பிப் போனான். மேலாளர் வீட்டுக்குள் கழற்றாமல் போட்டுக்கொண்டு வந்துவிட்ட செருப்பைக் கழுவித் தரச் சொல்லக் கூச்சப்பட்டு, ஒட்டும் காலோடு கார் வரைக்கும் நடந்தார். வழியில் என்னிடம் கேட்டார்: "கடைசியில இவங்களுக்கு எது பிடிச்சிருக்குன்னு சொல்றது? குரலா, பொத்தானா, விசிலா?"

"நிறுத்தறது பிடிச்சிருக்கு சார்" என்றேன். "அது கையில இருந்தா, வரவழைக்கிறதுக்கு எதைக் கொடுத்தாலும் வாங்கிக்குவாங்க."

அவர் தலையாட்டினார். புரிந்ததா, காபிச் செருப்பின் வேதனையா என்று தெரியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எங்கள் ஆட்கள் ஒரு வீட்டுக்குப் புது மெஷின் கொண்டுபோனால், முதலில் நிறுத்தச் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் மற்றதைத் தொடுகிறார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

வேலையை விடுவதற்கு முன் நான் கடைசியாக அந்த வீட்டுக்குப் போனேன். கூடத்தில் நானும் ஏழுமலையும் பேசிக்கொண்டிருந்தோம். மெஷின் சுவரோரம் நின்றிருந்தது. அஞ்சலை சமையலறையில் இருந்தார். முன்பு போல் சுற்றி வளைப்பதை அவர் விட்டுவிட்டிருந்தார்.

"இங்க வா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

மெஷின் கிளம்பியது. ஏழுமலையும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நான் கை கொடுக்கப் போனேன், வேண்டாம் என்று தலையசைத்தார். இருவரும் சமையலறைப் பக்கம் போனார்கள். அஞ்சலை யாரைக் கூப்பிட்டார் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. முதலில் போய்ச் சேர்ந்தது ஏழுமலை.